அழைப்பு மணியை அழுத்தாதவர்கள்

மழை பெரிதாக இல்லை. ஆனால் காற்று துறைமுகப் பக்கமிருந்து வீசியது. குடை பிடித்தவனையும் நனைத்துவிடுகிற மழை அது. பெரிய கதவின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு. கையில் குடை இல்லை, பை இல்லை, ஒன்றுமே இல்லை.

அவருடைய தோளுக்குப் பக்கத்திலேயே அழைப்பு மணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே வீட்டுக்காரரின் பெயர். கையை நீட்டினால் எட்டும். அவர் நீட்டவில்லை. தெருவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி தெருவைப் பார்த்தார்.

நான் வாசலோரத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை. வேலை நேரம் முடிந்துவிட்டது. மணி அடிக்காத ஆளுக்குக் கதவு திறக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. என்றாலும் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு எத்தனை பக்கம் புரட்டுவது?

எழும்பிப் போய்த் திறந்தேன்.

"ஆரிட்டைப் போறியள்?"

"இரண்டாம் மாடி, சிஞ்ஞோரா நொயேமியிட்டை."

"அப்ப மணியை அடிச்சிருக்கலாமே, நொன்னோ. எவ்வளவு நேரமா நனைஞ்சுகொண்டு நிக்கிறியள்?"

அவர் சிரித்தார். "நல்ல மழை, சிஞ்ஞோரா" என்றார். அவ்வளவுதான். லிஃப்டைக் கடந்து, இருட்டுப் படிக்கட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு ஏறிப் போனார். படிக்கட்டு விளக்கின் பொத்தானையும் அவர் தொடவில்லை.

பாவம், மனுசனுக்கு மூளை கொஞ்சம் மங்கிவிட்டது என்று நினைத்தேன்.

திகதி எழுதாத அத்தியாயம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எதற்கும் நாள், கிழமை, முடிந்தால் திதியும் போடாமல் என்னால் எழுத முடியாது. இந்த வாரம் மட்டும் போடவில்லை. இதில் வருகிறவர்கள் இப்போதும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். சிலர் பயத்தோடு இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கொஞ்ச வருடங்களுக்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதில் வரும் பேச்செல்லாம் இத்தாலியனில் நடந்தது. ஆனால் என் நினைவுக்குள் எல்லாரும் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன். நொன்னோ என்கிற தாத்தா, சிஞ்ஞோரா என்கிற அம்மா, சிஞ்ஞோர் என்கிற ஐயா மாதிரிச் சில சொற்கள் மட்டும் மாறவில்லை.

அப்போது நான் இத்தாலியத் தீவொன்றின் துறைமுக நகரத்தில், பொலித்தேயாமா அரங்குக்குக் கிட்ட, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் போர்த்தியேரா. வாசல்காரி. கடிதம் வாங்குவது, படி கழுவுவது, வருகிறவர் போகிறவரைப் பார்ப்பது. சம்பளத்தோடு கூண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் உண்டு. கணவர் யோகனுக்குத் துறைமுகத்தில் சாமான் ஏற்றும் வேலை. கப்பல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே எங்கள் கூரை, என் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, இரண்டும் அந்தக் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது. மாடிக்காரர்கள் எறியும் புத்தகங்கள் முதலில் என் கைக்குத்தான் வரும். இத்தாலியனை நான் அப்படித்தான் படித்தேன். அட்டை கிழிந்த நகர வரலாறுகள், பாதிரிமார் எழுதிய நாட்குறிப்புகள், பள்ளிக்கூடப் பாடநூல்கள். பழைய நகரத்தில் சில தெருப் பலகைகளில் மூன்று மொழி எழுத்துகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள்: இத்தாலியன், ஹீப்ரு, அரபு. கபோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறபோதெல்லாம் கொஞ்சம் சுற்றிப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தத் தெருக்களில் யூதர்கள் இருந்திருக்கிறார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு மேலாகிறது, மன்னர் கட்டளையிட்டுத் தீவைவிட்டே அனுப்பிவிட்டார்.

அவர்கள் தீவைவிட்டுப் போன வருடம் எதுவென்று ஒரு நூல் ஒன்றைச் சொன்னது, இன்னொரு நூல் அடுத்த வருடத்தைச் சொன்னது. எனக்கு நித்திரை இல்லை. பிறகுதான் கண்டேன், இரண்டும் சரி. கட்டளை வந்தது ஒரு வருடம், கப்பல் ஏறியது அடுத்த வருடம். நடுவில் "கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றி ஒரு நூலிலும் ஒன்றும் இல்லை. வீட்டில் சட்டி பானையை எப்போது கட்டத் தொடங்கினார்கள்? கூரை போகப் போகிறது என்று தெரிந்தபிறகு எப்படிச் சமைத்தார்கள்? எனக்கு வேண்டியது அதுதான்.

எனக்காகத் திறந்த கதவு

சிஞ்ஞோரா நொயேமி லிவோர்னோவில் பிறந்து, கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தவர். மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். வெள்ளி மாலையிலும் சனி காலையிலும் அவருடைய வரவேற்பறையில் யூதர்கள் சிலர் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். போக அவர்களுக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லை.

மழைக்கிழவரைப் பற்றிக் கேட்டபோது நொயேமி வாய்விட்டுச் சிரித்தார்.

"சிஞ்ஞோர் தாவிதேக்கு மூளையிலை ஒரு குறையும் இல்லை. வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும் மட்டும் எங்களுக்கு ஓய்வு. மின்சாரத்தைத் தொடுறேல்லை. மணியும் மின்சாரந்தானே. குடை விரிக்கிறதும் வேலை. தெருவிலை திறப்புக் காவிக்கொண்டு வாறதும் வேலை."

"எல்லாரும் அப்பிடியோ?"

"எங்கை! சிலர் லிஃப்டிலையே வருவினம். நான் காணாத மாதிரி இருப்பன். அந்த ரெண்டு மூண்டு கிழவர்தான் முறையைவிட்டு அசைய மாட்டினம்."

"அப்ப நான் திறந்து விடுறன். எனக்கென்ன கஷ்டம்?"

அவர் விரலை ஆட்டினார். "எங்களுக்காண்டி நீங்கள் செய்யக்கூடாது. நாங்கள் கேக்கவும் கூடாது."

"அப்ப?"

"உங்களுக்கு வெளியிலை ஒரு அலுவல் இருந்து, உங்கடை அலுவலுக்காண்டி நீங்கள் கதவைத் திறந்தால், அது உங்கடை கதவு. அதுக்குள்ளாலை ஆரும் வந்தால் வந்தது."

அன்றிலிருந்து வெள்ளி மாலைகளில் எனக்குத் திடீரென்று நிறைய அலுவல்கள் வந்தன. குப்பைப் பை கட்டுவேன். வாசற்படியைக் கூட்டுவேன். கூட்டினதையே திரும்பக் கூட்டுவேன். கிழவர் யாரும் தெருமுனையில் தெரிந்தால் காற்று வாங்க வேண்டும்போல இருக்கும். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் உள்ளே வந்ததும் படிக்கட்டில் தூசி இருக்கிற ஞாபகம் வரும், விளக்கைப் போடுவேன். "புவோனசேரா, சிஞ்ஞோரா." "புவோனசேரா." மாலை வணக்கம் சொன்னதோடு சரி. ஒருவருக்கொருவர் ஒரு உதவியும் செய்யவில்லை.

முதலாம் மாடி டனியேலா, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், ஒரு நாள் கேட்டாள்: "வசந்தி, எல்லாரும் திங்கட்கிழமை கூட்டுவினம். நீங்கள் ஏன் வெள்ளி பின்னேரம் நிண்டு கூட்டுறியள்?" நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் மேலே போனாள்.

சில பிரார்த்தனைகளைச் சொல்லுவதென்றால் பத்து ஆண்கள் வேண்டும் என்பதும் அவர்கள் முறை. இந்த ஊரில் பத்துப் பேரைச் சேர்ப்பது சும்மா வேலையில்லை. சில கிழமைகளில் உல்லாசக் கப்பலில் வந்த யாராவது துறைமுகத்திலிருந்து நடந்து வந்து பத்தாவது ஆளாவார்.

"நீங்கள் இருக்கிறியள்தானே?" என்று நொயேமியைக் கேட்டேன்.

"நான் வீட்டுக்காரி. அந்தக் கிழவரின்ரை கணக்கிலை நான் இல்லை. நீங்கள், வசந்தி, குடியிருப்பாளர் கூட்டத்திலை கை உயர்த்தலாமோ?"

"நான் வாசல்காரி. என்ரை கையை எண்ண மாட்டினம்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டுதான். வாங்கோ, கோப்பி குடிப்பம்."

மணியின் நாக்குக்குப் பஞ்சு

கதை கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் அறையில் பிள்ளையார் படம், முருகன் படம், ஒரு சின்ன வெண்கல மணி. பதினைந்து இருபது பேர் நெருக்கியடித்து நிற்போம். மொரீசியஸ் தமிழர் இரண்டு குடும்பம் வரும். தேவாரத்தை அவர்கள் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள், எங்களைவிடச் சுதியாக.

முதலில் மணிச் சத்தம் என்றார்கள் அந்தக் கட்டடத்து அயலவர்கள். மணியின் நாக்குக்குப் பஞ்சு சுற்றினோம். அது 'டொக் டொக்' என்று கதவு தட்டுவதுபோலக் கேட்கும். தட்டுவது யார் என்று பார்க்க யாராவது போய்க் கதவைத் திறப்பார்கள். பிறகு செருப்பு என்றார்கள். படியில் கிடந்த செருப்புகளைப் பைகளில் கட்டி உள்ளே வைத்தோம். பிறகு கற்பூரப் புகை. ஒரு நாள் தீபாராதனை நடக்கும்போது தீயணைப்புப் படையே வந்துவிட்டது. தலைக்கவசத்தோடு உள்ளே வந்த பெடியன் கற்பூரத் தட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், "மன்னியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனால் அடுத்த கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்தார், இனி இங்கே கூடக்கூடாது என்றார். பிள்ளையாரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் சில்லு வண்டியில் வைத்து, மேலே கீரைக்கட்டு வைத்து மூடி, இன்னொரு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

இப்போது எங்களுக்கு வாடகை மண்டபம் இருக்கிறது. மலைமேல் இருக்கும் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடமும் போகிறோம், ஏன் என்று கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால், பாடுகிற வாயோடு எல்லாரும் ஒரு கணம் நிறுத்திக் கேட்போமே, அந்தக் கணம் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. நொயேமி வீட்டுக் கிழவர்கள் தெருமுனையில் நின்று கட்டடத்தைப் பார்க்கிற பார்வையில் நான் கண்டது அதைத்தான்.

லிஃப்டில் ஒட்டிய தாள்

தகராறு தொடங்கியது ஒரு அட்டைத் துண்டில். நான் வாசலில் நிற்கத் தொடங்குவதற்கு முன், முதலில் வருகிற யாரோ கதவு பூட்டாமல் இருக்க அடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கண்டெடுத்தவர் மூன்றாம் மாடி ரஜோனியேரே. கணக்கர் என்று அர்த்தம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலம், பட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். அவருடைய மனைவியின் கைப்பையை இதே வாசலுக்குள் வைத்துப் பறித்து, மனைவியைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார்கள். அந்த அம்மா பிறகு வெளியில் இறங்கவேயில்லை. மனுசன் தினமும் படுக்கப் போகுமுன் கீழே வந்து கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அட்டைத் துண்டிலிருந்து பேச்சு வளர்ந்தது. படியில் தெரியாத ஆட்கள். குடியிருக்கிற வீட்டில் கோயில் நடத்தலாமா? பிறகு அங்கே, அவர்கள் நாடு என்று எல்லாரும் சொல்லுகிற யூத நாட்டில், சண்டைச் செய்திகள் தொலைக்காட்சியில் நிறையத் தொடங்கின. அவர்களுடைய ஒரு பெருநாளுக்கு எங்கள் கட்டடத்துக்கு முன்னால் பொலிஸ் வாகனம் ஒன்று வந்து நின்றது. நீல விளக்கு எரியவில்லை, சும்மா நின்றது. அது போதும்.

எனக்கே, காகிதமெல்லாம் சரியாக இருந்தும், சீருடையைக் கண்டால் கை தன்பாட்டில் பைக்குள் பெர்மெஸ்ஸோவைத் தேடும்.

டனியேலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கூண்டுக்கு வந்தாள். 

"எனக்கு அவையோடை ஒரு கோபமும் இல்லை, வசந்தி. நொயேமி என்ரை பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் ஓடி வாற ஆள். ஆனால் பொலிஸ் சும்மா வந்து நிக்குமோ? ஏதோ வரலாம் எண்டுதானே நிக்குது? என்ரை பிள்ளையள் அதே படியாலைதானே இறங்கவேணும்?"

அவளுடைய பயம் பொய்யில்லை.

ஐப்பசி வெயில் குறையாத ஒரு கிழமை, கட்டட நிர்வாகி லிஃப்டில் ஒரு தாளை ஒட்டினார். குடியிருப்பாளர் கூட்டம். முதலாவது: இரண்டாம் மாடி வீட்டில் பிரார்த்தனைக் கூட்டங்களைத் தடை செய்வது. இரண்டாவது: வாசலுக்கு இலக்கம் அழுத்தித் திறக்கும் மின்கதவு பொருத்துவது, வாசல்காரர் வேலையை நிறுத்துவது. இடம்: கீழ் வாசல். நேரம்: வெள்ளி மாலை.

ஒரே தாளில் அவர்களுடைய வெள்ளிக்கிழமையும் என் கூரையும். வாசித்துவிட்டு, லிஃப்ட் ஐந்தாம் மாடிவரை போய்த் திரும்பி வந்தும் நான் இறங்கவில்லை.

அடுத்த நாள் ரஜோனியேரே கூண்டுக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"வசந்தி, கூட்டத்திலை உம்மைக் கேப்பம். வெள்ளிக்கிழமையளிலை கதவு திறந்து கிடக்கிறது, ஆக்கள் வாறது போறது. கண்டதைச் சொல்லும். பொய் ஒண்டும் சொல்ல வேண்டாம். முதலாவது விசயம் ஒழுங்கா முடிஞ்சால், இரண்டாவதுக்கு அவசரம் இல்லை. அடுத்த வருசம் பாப்பம்."

யோகனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நீ அவையின்ரை கதைக்குள்ளை போகாதை. கதவு திறந்து கிடந்தது உண்மைதானே? ஓம் எண்டு சொல்லிப்போட்டு இரு."

"திறந்தது நானப்பா."

"அதை உன்னட்டை ஆர் கேட்டது? இந்த வீடு போனால் எங்கை போறது? பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போகேக்கை எந்த விலாசத்தைக் குடுக்கிறது? அவைக்கு நாடு இருக்கு, வீடு இருக்கு, வக்கீல்மார் இருக்கினம். எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கையைக் கழுவிவிட்டு வந்து அவரே சொன்னார்: "அந்தக் கீரைக்கட்டு ஞாபகம் இருக்கோ?" படுக்கப் போய்விட்டார்.

நொயேமியோ தாளைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளி! நான் மேலை பிரார்த்தனையிலை இருப்பன், கையெழுத்தும் வைக்கேலாது. வியாழனே என்ரை வாக்கை எழுதி ஆரிட்டையும் குடுக்க வேணும்." எழுதி டனியேலாவிடம் கொடுத்துவிட்டார்.

நான் கேட்டேன்: "அவவிட்டையோ! அவ உங்களுக்கு எதிரெல்லோ?"

"அவ பயந்த ஆள். நல்லா யோசிச்சுத்தான் குடுத்தனான். பயந்த ஆக்கள் குடுத்த சாமானைக் கவனமா வைச்சிருப்பினம்."

நாற்காலிகள்

அன்று ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று, சிறொக்கோ. வாசலுக்குள் மூச்சு விட முடியவில்லை. இருபது மடக்கு நாற்காலிகளை நானேதான் விரித்து வைத்தேன். ரஜோனியேரே வந்தார், கழுத்தைத் துடைத்தார், ஒரு நாற்காலியை எடுத்துப் பெரிய கதவுக்கு முட்டுக் கொடுத்தார், காற்று வர. தெருக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் நாக்கிலும் பஞ்சு.

பிரார்த்தனைக்காரர் ஒவ்வொருவராகக் கூட்டத்துக்கு நடுவால் போனார்கள். "பெர்மெஸ்ஸோ" என்றார் ஒருவர். வழி விடுங்கோ என்று கேட்பதற்கும் இங்கே அதே சொல்தான். நாற்காலிகள் அரைகுறையாக நகர்ந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது.

"வசந்தி" என்றார் ரஜோனியேரே. "இஞ்சை வாரும். எல்லாருக்கும் சொல்லும். வெள்ளிக்கிழமையளிலை இந்தக் கதவைத் திறந்து விடுறது ஆர்?"

எழும்பினேன். எல்லா முகமும் என் பக்கம். அவர்களைப் பார்க்க முடியாமல் தெருவைப் பார்த்தேன்.

எதிர்ப்பக்க நடைபாதையில் சிஞ்ஞோர் தாவிதே நின்றார். திறந்த கதவையும் அதற்குள் நிறைந்த ஆட்களையும் பார்த்தபடி. தன்னைப் பற்றித்தான் கூடியிருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தொப்பியைச் சரிசெய்தார். திரும்பினார். வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

மேலே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

"வாறன்" என்றேன்.

"எங்கை போறீர்? நான் கேள்வியெல்லோ கேட்டனான்!"

"இந்தா வாறன், ரஜோனியேரே."

முட்டுக்கொடுத்த நாற்காலியைக் கடந்து, மோட்டார் சைக்கிள் ஒன்று திட்டிக்கொண்டு விலக, தெருவைக் கடந்து ஓடினேன். முனையில்தான் பிடித்தேன்.

"நொன்னோ, எங்கை போறியள்?"

"கூட்டம் நடக்குது, சிஞ்ஞோரா. குழப்பக்கூடாது. அடுத்த கிழமை பாப்பம்."

அடுத்த கிழமை பாப்பம். கப்பல் ஏறுமுன் தள்ளிப்போடக் கேட்ட அந்த மாதங்கள் என் மனதில் வந்தன. உங்களுக்காக வந்தேன் என்று சொல்ல முறை இல்லை. கேளுங்கள் என்று சொல்லவும் முடியாது.

"எனக்கு இருட்டிலை தெருக் கடக்கப் பயம்" என்றேன். "ஆராவது பக்கத்திலை நடந்தால் நல்லம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எத்தனை முறை தனியாக அந்தத் தெருவைக் கடந்தேன் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? கையை மடக்கி நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன்.

அப்படியே உள்ளே வந்தோம். படிக்கட்டுக்கு முன்னால் ரஜோனியேரேயின் நாற்காலிதான் இருந்தது. அவர் எழும்பாமல் வழி இல்லை. ஒரு கணம் அசையவில்லை. பிறகு எழும்பினார், நாற்காலியை மடக்கினார், சுவரோடு ஒட்டி நின்றார். வயது போனவருக்கு வயது போனவர் விடுகிற வழி. "புவோனசேரா" என்றார் தாவிதே. "புவோனசேரா" என்றார் அவரும், வாய்க்குள்.

படி விளக்கைப் போட்டேன். இரண்டாம் மாடிவரை போய்த் திரும்பினேன். நான் கடைசிப் படியில் கால் வைக்கும்போது மேலே தொடங்கியது. பாட்டு என்று சொல்ல முடியாது. பலர் ஒன்றாகச் சேர்ந்து வாசிப்பது போல, இடையில் ஒரு குரல் மட்டும் இழுத்து நிற்கும். கீழே கூட்டம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானோ?" என்றார் ஐந்தாம் மாடிக்காரர். "எங்களுக்கு மேலை ஒண்டும் கேக்கிறேல்லையே."

"வசந்தி, கேள்வி" என்றார் நிர்வாகி.

"நான்தான் திறக்கிறனான்" என்றேன். "என்ரை அலுவலுக்கு. ஆக்கள் உள்ளுக்கை வந்து முடியும் மட்டும் கதவடியிலை நிப்பன். நான் இல்லாமல் கதவு திறந்து கிடக்கிறேல்லை."

ரஜோனியேரே என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. அடுத்த வருசம் பாப்பம் என்று அவர் சொன்னது அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

தடை வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தினார்கள். நிர்வாகி கைகளையும் ஒவ்வொருவரின் வீட்டுப் பங்கையும் சேர்த்துப் பார்த்தார். டனியேலாவின் வலக்கை மடியில் பிள்ளையின் முதுகில் இருந்தது. அது மேலே போகும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். போகவில்லை. வேண்டாம் என்பவர்கள் என்றபோது அவள் இடக்கையை உயர்த்தினாள்.

"அது நொயேமியின்ரை" என்றார் ரஜோனியேரே. "உம்மடை எங்கை?"

"என்ரை ஒண்டுமில்லை. என்ரையை எண்ண வேண்டாம்."

தடைத் தீர்மானம் தோற்றுவிட்டது. மயிரிழையில்.

பிறகு மின்கதவு. அதற்கு டனியேலா இரண்டாவது சொல் வருமுன்னே வலக்கையை உயர்த்தினாள். என்னைப் பார்க்காமல். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. பிள்ளைகள் அந்தப் படியால்தானே இறங்க வேண்டும். நொயேமியின் தாளில் அதற்கு எதிராக வாக்கு இருந்தது. இடக்கையும் பிறகு ஒழுங்காக மேலே போனது. ஆனால் அது காணாது, என் வேலை போனது.

நாலு இலக்கம்

இப்போது நாங்கள் இருப்பது போர்கோ வெக்கியோவில், மீன் மணக்கிற ஒரு சந்தில். எனக்கு மூன்று வீடுகளில் துப்புரவு வேலை. அவர்களில் ஒரு சிஞ்ஞோரா எழுதித் தந்த ஒப்பந்தத்தில் பெர்மெஸ்ஸோ புதுப்பித்தாயிற்று. அதுவரை யோகன் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. கையில் கிடைத்த அன்று மட்டும், "சரி, போய் உன்ரை கிழவரைப் பார்" என்றார்.

வெள்ளி பொழுதுபடும் நேரம் பழைய கட்டடத்துக்குப் போவேன். நொயேமி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், ஒவ்வொரு வெள்ளியும், நிரந்தர அழைப்பு. ஆகவே நான் போவது என் அலுவலுக்கு. இலக்கத்தை அழுத்துவது என் விரல். எனக்குப் பின்னால் யாரும் உள்ளே வந்தால் வந்ததுதான். பத்தாவது ஆள் வரும்வரை எனக்கு ஏனோ பசிப்பதில்லை.

ரஜோனியேரே பாதுகாப்புக்காக அந்த இலக்கத்தை அடிக்கடி மாற்றுவிப்பார். மாற்றிய நாளில் என் கைத்தொலைபேசிக்கு டனியேலாவிடமிருந்து ஒரு செய்தி வரும். நாலு இலக்கம். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. நானும் பதில் போடுவதில்லை.

என்றாலும் நாலாவது இலக்கத்தை அழுத்துமுன் எப்போதும் விரல் ஒருமுறை நிற்கும்.

இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது அண்மையில் ஒரு வெள்ளி. திரும்பவும் மழை, திரும்பவும் துறைமுகக் காற்று. தாவிதேயும் இன்னொரு கிழவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள், குடையில்லாமல். அழுத்தினேன். சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினேன். சிவப்பு. தொலைபேசியைப் பார்த்தேன், செய்தி ஒன்றும் இல்லை. பழைய மணிகள் அதே வரிசையில் இருந்தன. நொயேமியின் மணியை அழுத்தினால் அவர் அங்கே கேட்பார், திறக்கும் பொத்தானைத் தொட மாட்டார். வேறு யாருடைய மணியை அழுத்துவது? அழுத்தி, யார் என்று சொல்லுவது?

"நல்ல மழை, சிஞ்ஞோரா" என்றார் தாவிதே.

கண்ணாடிக்கு உள்ளே படி விளக்கு எரிந்தது. டனியேலா வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். கதவை அகலத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். இன்னும் பயம்தான்.

"குப்பை போட வந்தனான்" என்றாள்.

கையில் ஒரு கறுப்புப் பை இருந்தது. நாங்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து உள்ளே போனோம். கடக்கும்போது பார்த்தேன். பை வெறும் பை. மடிப்புக்கூடக் கலையவில்லை.